புரட்டிப் பார்க்காத தட்டு

அத்தியாயம் 6

கணவாய் மீன் தீரவே மாட்டேன் என்றது.

கிரிகோ தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருந்தாள். மேசை நடுவில் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய தட்டு. அதன் மத்தியில் வெள்ளை முள்ளங்கித் துருவல் குவியல். அதைச் சுற்றி, அடியிலிருக்கும் நீல வேலைப்பாடு தெரியும் அளவுக்கு மெல்லியதாக அரிந்த கணவாய். யோபுகோ துறைமுகத்தில் காலையில் பிடிபட்டது. அவள் ஒரு பக்கத்தைக் காலி செய்தால், வீட்டம்மா தோகி சமையலறையிலிருந்து வந்து அந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டுப் போனாள். 

"பாஸ், இது விருந்தா, போட்டியா?" என்று கிசுகிசுத்தாள் கிரிகோ.

"சாப்பிடு. பில் நம்மளுது இல்ல" என்றார் மவாதாரி.

மவாதாரி சாகா நகரில் ஒரு துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். அதற்கு முன்பு இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில், தீப்பிடித்த கடைகள் தானாகத்தான் பிடித்தனவா என்று பார்க்கும் உத்தியோகம். அந்த வேலையில் முகம் மாறுவதை விட்டுவிட்டார். பச்சிங்கோ சூதாட்டக் கடையில் கல்லாவில் இருந்த கிரிகோ அவரிடம் வந்து மூன்று வருஷமாகிறது. அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் இவானகா. அரிதா ஊரில் பதினோரு தலைமுறையாக பீங்கான் சுடும் குடும்பத்தின் தலைவர். சூப்பைக் குடித்து முடித்தார், கிண்ணத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், வைத்தார். ஊறுகாய்த் தட்டு காலியானது, அதையும் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் அவர் சூளையிலேயே செய்தவை. அரிதாக்காரர்களுக்கு இது கையோடு பிறந்த நோய். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணை அப்புறம்தான் பார்ப்பார்கள், முதலில் தட்டின் அடியில் எந்தச் சூளையின் முத்திரை என்று பார்ப்பார்கள்.

"முந்நூறு வருஷத்துத் தட்டு சார்" என்றார் இவானகா. "நீலத்துல பியோனிப் பூ. எங்க மூதாதை சூளை வச்சப்போ சுட்டது. டோக்கியோ மியூசியம் நிரந்தரமா வச்சுக்கறோம்னு கேட்டுச்சு. நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போக வர்றாங்க. நேத்து நானே சரக்கறையிலேர்ந்து பெட்டியை மட்டும் வெளிய கொண்டு வந்து திறந்தேன், தட்டைப் புரட்டினேன். அடியில எங்க சூளையோட இப்போதைய முத்திரை! அசல்ல முத்திரையே கிடையாது. சூளைக்குள்ள தட்டு வளையாம இருக்க முட்டுக் கொடுத்த தழும்பு அஞ்சு இருக்கும், அவ்வளவுதான். யாரோ நகலை வச்சுட்டு அசலைத் தூக்கிட்டாங்க."

"மேல இருக்கற பூ?" என்று கேட்டார் மவாதாரி.

"பூவுக்கென்ன, பூ இருந்துச்சு. அதையா பாத்துக்கிட்டிருப்பாங்க? அசலை நான் இருட்டுல வச்சாக்கூட அடையாளம் சொல்லிடுவேன்."

"சரக்கறைச் சாவி யாருகிட்ட?"

"இவ இடுப்புல." இவானகா மனைவியைத் தாடையால் காட்டினார். "வீட்டு நல்ல பாத்திரமெல்லாம் அங்கதான். நேத்துக்கு முன்னாடி இந்த வருஷம் ஜனவரியில ஒரே ஒரு தடவைதான் திறந்தது. புத்தாண்டுச் சாமானை உள்ள வச்சுட்டு பிளம் பூத் தட்டுகளை வெளிய எடுத்தா. அன்னிக்கு சயோவும் கூடப் போனா. எங்க பட்டறையில பூவுக்கு நிறம் நிரப்பறவ. பியோனித் தட்டை நகல் எடுத்ததே அவதான், அதை உள்ள வைக்கப் போனா. ஆக, உள்ள போனது ரெண்டே பேரு. ஒருத்தி என் பொண்டாட்டி. மிச்சம் யாரு?"

"கழித்தல் சரியாத்தான் இருக்கு" என்றார் மவாதாரி. வானிலை அறிக்கை வாசிப்பவர் குரலில் சொன்னதால் அது பாராட்டா என்று இவானகாவுக்குப் புரியவில்லை. மவாதாரி தோகியின் பக்கம் திரும்பினார். "அதுக்கப்புறம் நீங்க திறக்கவே இல்லையாம்மா?"

"இல்லீங்க. இடுப்பு வலி. விருந்தாளிங்களும் யாரும் வரல."

தோகி அதைக் கணவாயைப் பார்த்துச் சொன்னாள். பிறகு காலியான இடத்தை நிரப்பினாள்.

"சாயங்கால ரயிலுக்குள்ள தட்டு வரணும்" என்றார் இவானகா. "வரலைன்னா அவ மூட்டையோட கிளம்பணும். நாளைக்கு இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொரு சூளைக்கும் நானே போன் பண்ணுவேன். அப்புறம் அவளுக்கு எவன் தூரிகை கொடுக்கறான்னு பாக்கறேன்."

*

பட்டறையில் சயோ ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மூட்டையில் துணிமணி கொஞ்சம், தூரிகைகள் அதிகம். நாற்பது வயதைத் தாண்டியவள். அழுது முடித்த முகம், ஆனால் அழுததைப் பற்றிப் பேச விரும்பாத முகம்.

"நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு இதழ் போட்டுக் காட்டுவீங்களா?" என்று கேட்டார் மவாதாரி.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மூட்டையிலிருந்து ஒரு தடித்த தூரிகையை உருவினாள். பாதி முடிந்த தட்டு ஒன்று பலகையில் இருந்தது. பூவின் கோடுகள் மட்டும் மெல்லியதாக ஓடின. தூரிகையைச் சாயத்தில் முக்கி எடுத்து, விரலால் லேசாக அழுத்தினாள். ஒரு சொட்டு இதழுக்குள் இறங்கியது. சாயம் நீலமாகவே இல்லை, சாம்பல் கரைத்த தண்ணீராக இருந்தது. சூளைக்குள் போய் வந்தால்தான் அது நீலம். தட்டை அவள் சாய்க்க, சொட்டு கோட்டின் ஓரமாகவே நகர்ந்தது, கோட்டைத் தாண்டவில்லை. தேவையானது ஓரத்தில் தங்கியதும் மிச்சத்தைத் தூரிகை நுனியாலேயே உறிஞ்சி எடுத்துக்கொண்டாள். ஓரத்தில் அடர்த்தி, நடுவில் வெளிர். தூரிகை தட்டைத் தொட்டதாகவே கிரிகோவுக்குத் தெரியவில்லை.

"நான் ஒண்ணு போடட்டுமா அக்கா?"

"உடைஞ்ச தட்டுல போடும்மா."

கிரிகோ போட்டாள். சாயம் இதழைத் தாண்டி, இலையைத் தாண்டி, அவள் பாவாடையில் வந்து நின்றது.

"பாஸ், இதைச் செலவுக் கணக்குல எழுதிக்கலாமா?"

"வேணாம். பூப்போட்ட பாவாடைன்னு சொல்லிக்கோ." மவாதாரி சயோவிடம் திரும்பினார். "அந்த நகலை யார் போடச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. கோட்டுக்குப் பழைய காகித அச்சு பட்டறையில இருக்கு. சுரைக்காய்க் கரியால தேய்ச்சா கோடு தட்டுல விழும், சூளையில கரி எரிஞ்சு போயிடும். ஆனா நிரப்பறதுக்கு அச்சு கிடையாதே. வருஷத்துக்கு ஒரு நாள் அசலை வெளிய எடுத்துத் துடைப்பாங்க, அப்போ பக்கத்துல நின்னு பாத்துக்குவேன். மறுநாள்லேர்ந்து போட்டுப் பாப்பேன். எத்தனையோ தட்டு வீணாச்சு. கடைசியில ஒண்ணு வந்துச்சு."

"முதலாளி என்ன சொன்னார்?"

"போன்ல பேசிக்கிட்டிருந்தார். 'சாயம் தேங்கி நிக்குது, உள்ள தூக்கிப் போடு'ன்னார்."

"இப்ப எங்க போவீங்க?"

"ஃபுகுவோகாவில அக்கா இருக்கா. சலவைக் கடை. துணி மடிக்கலாம்." சயோ தூரிகையைக் கழுவி, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, மறுபடி மூட்டையில் சொருகினாள். "பதினெட்டு வருஷமா இந்தக் கைக்குப் பூ நிரப்பறது ஒண்ணுதான் தெரியும். கறை எடுக்கவும் கத்துக்கும், என்ன பண்றது."

 கிரிகோ தன் பாவாடைக் கறையைப் பார்த்துக்கொண்டாள்.

*

பழைய சூளைச் செங்கல்லை அடுக்கிக் கட்டிய மதில் ஓரமாக இருவரும் நடந்தார்கள்.

"இவங்க எடுக்கல பாஸ்."

"ஏன்?"

"ஏமாத்தறதுக்கு நகல் பண்றவங்க அடியில தன் சூளை முத்திரையைக் குத்தி வைப்பாங்களா? கள்ள நோட்டு அடிச்சுட்டு கீழ கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

"சரிதான். ஆனா அதை இவானகாகிட்ட சொன்னா, 'அவசரத்துல மாத்தியிருப்பா'ம்பார். அவருக்குப் பதில் வேணாம், ஆள் வேணும்." மவாதாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "மத்தியானம் உன் முன்னாடி இருந்த சின்னத் தட்டுல என்ன பூ?"

"நான் கணவாயைப் பாத்தேன் பாஸ்."

"ஃபுஜிப் பூ. கொத்துக் கொத்தா தொங்கற மாதிரி போட்டிருந்துச்சு. எல்லாருக்கும் அதேதான்."

"நல்லதுதானே? இது மே மாசம். வெளியில கொடியெல்லாம் அதுதான் தொங்குது."

"சரக்கறையிலேர்ந்து ஜனவரியில வெளிய வந்தது எந்தப் பூ?"

கிரிகோ நின்றாள். "பிளம்."

"அப்புறம் அறையைத் திறக்கவே இல்லைன்னாங்க."

"அட!" கிரிகோ கையைத் தட்டினாள். "பின்ன, குளிர்ல பூக்கற பிளம் பூத் தட்டை மே மாசத்துல யாராவது விருந்தாளி முன்னாடி வைப்பாங்களா? எங்க வீட்ல இருக்கறதே ஆறு தட்டு, அதுலயே எங்கம்மா வைக்கமாட்டாங்க. அப்போ தோகியம்மா சமீபத்துல அறையைத் திறந்திருக்காங்க!"

"பொய் சொல்லத் துணிஞ்சுட்டாங்க. பருவம் தப்பின தட்டுல பரிமாறத் துணியல."

"ஆக, வித்துட்டாங்க."

"வித்தவங்க முகம் அப்படி இருக்காது. ஏன் எடுத்தாங்க, தெரியல. எங்க வச்சாங்க, அதுவும் தெரியல. நேத்து இவானகா வீட்டைத் தலைகீழாக்கிட்டார். அலமாரி, பரண், குளியலறை, சயோ படுக்கற அறை, கோழிக்கூடு. அந்த அம்மா வீட்டை விட்டு வெளியவும் போகல."

கிரிகோ வயிற்றைத் தடவிக்கொண்டாள். இன்னும் கனமாகவே இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் உறுத்துது பாஸ். கேஸ் சம்பந்தமா இல்ல, சாப்பாடு சம்பந்தமா."

"நீ வேற எதைப் பத்தி யோசிச்சே."

"காலையில டீ குடுத்தப்போ தோகியம்மா ஒரே ஒரு அரிசி பிஸ்கட்டை ரெண்டா உடைச்சு நமக்குப் பாதிப் பாதி வச்சாங்க. உங்க பாதி சின்னது, நான் பாத்தேன். அப்படிப்பட்ட வீட்ல கணவாய் மட்டும் ஏன் தீரல?"

மவாதாரியின் இடது புருவம் மேலே போனது. மூன்று வருஷத்தில் முதல்முறை. கிரிகோ பயந்துபோனாள்.

"பாஸ்? உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"சயோவைக் கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டை நோக்கி நடந்தார். அதை ஓட்டம் என்றே சொல்லலாம்.

*

மேசையில் மற்றவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். பெரிய தட்டு மட்டும் அதே இடத்தில், துணி போட்டு மூடியிருந்தது. இவானகா அதன் பக்கத்தில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். கதவோரம் சயோ மூட்டையோடு நின்றாள். தோகி தரைப் பாயில் மண்டியிட்டு, கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"தட்டு கிடைச்சுதா?" என்றார் இவானகா.

"கிடைக்கப் போகுது. அதுக்கு முன்னாடி இந்தக் கணவாயை முடிச்சிடலாம்." மவாதாரி துணியை எடுத்தார். "அம்மா, மறுபடி நிரப்ப மாட்டீங்களே?"

"இனிமே இல்லீங்க" என்றாள் தோகி. "மீன்காரன்கிட்டயே தீந்துபோச்சு."

கிரிகோ குச்சிகளை எடுத்தாள். "இது ஓவர் டைம் பாஸ்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். ஒரு துண்டு போனது, ஓர் இதழ் வந்தது. இன்னொரு துண்டு, இன்னோர் இதழ். முள்ளங்கிக் குவியலை மவாதாரி ஒரு கிண்ணத்துக்கு மாற்றினார். அதன் கீழே, தட்டு முழுக்க, ஓரத்தில் இருண்டு நடுவில் வெளிறிய நீலத்தில் பியோனி மலர்ந்து கிடந்தது.

இவானகாவின் கை தானாக நீண்டு தட்டின் விளிம்பைப் பிடித்தது. மவாதாரி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"புரட்டாதீங்க."

"இது... இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சமையலறையிலேர்ந்து" என்றாள் தோகி. "முந்தாநாள் அறையைத் திறந்து மாத்தி வச்சேன். நேத்து ராத்திரி நீங்க கோழி சாப்பிட்டதும் இதுலதான்."

இவானகாவின் கை விளிம்பை விட்டது. 

"வந்த நாள்லேர்ந்து இதைப் பாக்கறேன்" என்றாள் தோகி. அவள் குரல் உயரவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை துடைக்கறோம், மூடறோம். இதுல ஒரு நாள் ஒரு மீன் வச்சதில்ல. இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகப் போகுதாம். சயோ போட்ட தட்டு அதே மாதிரி இருக்கு. பாக்கறவங்க அதைப் பாக்கட்டும், நாம இதுல சாப்பிடலாம்னு நினைச்சேன். யாருக்கும் நஷ்டமில்லேன்னு தோணுச்சு. நீங்க புரட்டுவீங்கன்னு நினைக்கல. நினைச்சிருக்கணும்."

"சயோவை நான் திருடின்னு சொன்னப்போ நீ வாயைத் திறக்கலையே!"

"வாய் வரல. அது என் தப்பு, பெரிய தப்பு." தோகி சயோவின் பக்கம் திரும்பி, நெற்றி பாயில் படும்படி குனிந்தாள். நிமிரும்போது கண்கள் நிறைந்திருந்தன. "வாயால சொல்ல முடியல, அதனால மேசை மேல வச்சேன். நீங்க ஒரு தடவை பூவைப் பாத்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். காலியானா எடுத்துப் புரட்டிடுவீங்களேன்னு நிரப்பிக்கிட்டே இருந்தேன். ரெண்டு வேளை வச்சேன். நீங்க பாக்கல."

"நான் பாக்கலையா? நான்?" இவானகா எழுந்துவிட்டார். "இதுல உணவு இருந்துச்சு! உணவு இருக்கற தட்டை எவன் பாப்பான்? சும்மா வச்சா ஒரு பார்வையில சொல்லுவேன்!"

"அப்படியா?" என்றார் மவாதாரி. "பெட்டியில இருக்கற நகலைக் கொண்டு வாங்க."

நகல் வந்தது. தோகி கணவாய் ஈரம் போக அசலைத் துடைத்து, நன்றாகக் காயவைத்தாள். இவானகாவைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். பச்சிங்கோ கடையில் கிரிகோ கற்ற நல்ல பழக்கங்கள் குறைவு, ஆனால் மூன்று கிண்ணத்துக்கு அடியில் காசு மாற்றுவதை நன்றாகக் கற்றிருந்தாள். இரண்டு தட்டுகளும் மேசையில் நாலைந்து தடவை இடம் மாறின.

"இப்பச் சொல்லுங்க. கை வைக்காம" என்றார் மவாதாரி.

இவானகா குனிந்தார். முதலில் நின்றபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மூக்கு தட்டில் படும் அளவுக்குக் குனிந்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார், அவிழ்த்தால் அவை புரட்டிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நெற்றியில் வியர்த்தது. ஒவ்வோர் இதழாகப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அந்த அறையில் இத்தனை நேரம் அவர் பேசாமல் இருந்தது அன்றுதான் என்று தோகி பின்னால் சொன்னாள்.

கடைசியில் வலது பக்கத்துத் தட்டைத் தொட்டார்.

"இதுதான். இந்த நடு இதழைப் பாருங்க. சாயம் எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னே தெரியல. இந்தக் காலத்துல இப்படி யாரும் போட முடியாது. இதுதான் அசல்."

"இப்பப் புரட்டுங்க" என்றார் மவாதாரி.

புரட்டினார். அடியில் அவருடைய சூளையின் முத்திரை, புது நீலத்தில், பளிச்சென்று இருந்தது.

 

இவானகா தட்டை மெதுவாக, பூ மேலே வரும்படி வைத்தார். எழுந்து போய்க் கூடத்தில் போனைச் சுழற்றினார். மியூசியக்காரரிடம் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "நாளைக்கு வராதீங்க. இல்ல, தொலையல. பியோனி மாசம் முடியட்டும், அப்புறம் பேசலாம். தட்டு இப்ப உபயோகத்துல இருக்கு."

திரும்பி வந்தவர் சயோவைப் பார்க்காமல், "சரி, ஆனது ஆச்சு. போய் வேலையைப் பாரு" என்றார்.

சயோ நகரவில்லை. மூட்டையையும் கீழே வைக்கவில்லை.

"முதலாளி, பதினெட்டு வருஷத்துல என் வேலை நல்லாயிருக்குன்னு நீங்க சொன்னது நேத்து ஒரு நாள்தான். அசலையே தோக்கடிக்கிற மாதிரி போட இவ ஒருத்தியாலதான் முடியும்னு பட்டறை முழுக்கக் கேட்கற மாதிரி சொன்னீங்க. திருடின்னு சொல்றதுக்காகச் சொன்னீங்க. ராத்திரி அழுதேன். எதுக்கு அழுதேன்னு எனக்கே தெரியல. அவமானத்துலயா, சந்தோஷத்துலயான்னு."

 தோகி முகத்தை மூடிக்கொண்டாள். பதினோராவது தலைமுறை இவானகா, வேலைக்காரி முன்னால், இரண்டு உள்ளங்கையையும் பாயில் பதித்துக் குனிந்தார். மியூசியக்காரர்களுக்குக் கூட அவர் அவ்வளவு குனிந்ததில்லை.

"பூ நல்லாயிருக்கு" என்றார் பாயைப் பார்த்து.

"எந்தப் பூ?" என்றாள் சயோ.

இவானகா நிமிர்ந்தார். இரண்டு தட்டுகளையும் பார்த்தார். எதையும் புரட்டவில்லை. விரலை நீட்டி, வலது பக்கத்துத் தட்டின் நடு இதழில் வைத்தார்.

சயோ மூட்டையை அவிழ்த்தாள்.